துணிக்குப் பின்னால் ஒரு கை

போன ஐப்பசியில் என் வலது மார்பை எடுத்தார்கள். மாசியில் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்தது. இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். காகிதத்தில் எழுதக்கூட இத்தனை கூச்சம் எனக்கு. ஆனால் நான் சொல்ல வந்தது நோயைப் பற்றி இல்லை. அந்தக் கோடையில் உடுத்திக்கொள்ளத் துணி வாங்கப் போன கதையைப் பற்றி.

சிகிச்சை முடிந்த அன்று டாக்டரம்மா மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார். "வெயில் வரப்போகுது. அந்த இடத்துத் தோல் இன்னும் ஆறல. காட்டன் மட்டும் போடுங்க. மெல்லிசா, தளர்வா. சிந்தெடிக் பக்கமே போகாதீங்க." சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போடச் சொல்வதைப் போலத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். மெல்லிய துணி உடுத்தினால் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

புடவை கட்டுகிற எந்தப் பெண்ணுக்கும் என் சங்கடம் புரியும். முந்தானை இடது தோளில் போகிறது. இடது பக்கத்தை அது மூடிவிடும். எனக்குப் போனது வலது பக்கம். ஆப்பரேஷனுக்குப் பிறகு பனிக்காலம் முழுவதும் தடித்த கிரேப் புடவைகளைக் கட்டி, முந்தானையை மடிப்பு வைக்காமல் விரித்து, வலது தோள் வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போனேன். மேலே ஸ்வெட்டர். யாராவது கேட்டால் சைனஸ் என்றேன்.

எங்கள் வீடு கொரட்டூரில். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், மோட்டார் உதிரி பாகங்கள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியின் பில்லிங் பிரிவில். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஏ.சி. மேனேஜர் அறையில் மட்டும். அங்கே யாருக்கும் உண்மை தெரியாது. பித்தப்பையில் கல், அதனால் லீவு என்று சொல்லியிருந்தேன். எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிற பெண் என்னைவிடப் பத்து வயது இளையவள், ஆவடியிலிருந்து வருகிறவள். அவள் விடமாட்டாள்.

"அக்கா, எங்க சித்திக்கும் கல்லு எடுத்தாங்க. நாலாவது நாளே மாவு ஆட்டினாங்க. உங்களுக்கு மட்டும் என்னக்கா இவ்ளோ நாளு?"

"எனக்குக் கல்லு பெருசு" என்றேன்.

அவள் அதை நம்பி, என் டிபன் டப்பாவில் எண்ணெய்ப் பண்டம் இருந்தால் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். என் உடம்பில் அவளுக்கு அவ்வளவு அக்கறை. எனக்கு வடை பிடிக்கும். அவள் என் வடையைத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடையில் சிலிக்கானில் செய்த மார்பு ஒன்று வாங்கியிருந்தோம். உள்ளாடைக்குள் வைத்துக்கொள்வது. குளிர் காலத்தில் தொல்லை இல்லை. பங்குனி பிறந்ததும் அது வெந்நீர்ப் பையாக மாறிவிட்டது. அதற்குப் பின்னால் வேர்வை தேங்கித் தோல் சிவந்து எரிந்தது. அதனால் நானே ஒன்று தைத்தேன். கணவரின் பழைய வேட்டியில் ஒரு நல்ல மெத்தென்ற பகுதியைக் கத்தரித்து, பழைய தலையணையிலிருந்து இலவம் பஞ்சை எடுத்து அடைத்தேன். ஆனால் பஞ்சுக்கு எடை இல்லை. நடக்க நடக்க அது கழுத்தை நோக்கி ஏறியது. கனத்துக்கு என்ன போடலாம் என்று அடுக்களையில் தேடினேன். அரிசி உறுத்தியது. ஜவ்வரிசி வேர்வையில் ஊறிவிடும் என்று பயம். கடைசியில் கடுகு சரியாக இருந்தது. சின்னச் சின்னதாக, அசைந்தால் கூடவே அசைந்தது.

"நேத்துதானே கடுகு வாங்கிட்டு வந்தேன், அதுக்குள்ள தீந்துடுச்சா?" என்று கணவர் டப்பாவைத் திறந்து பார்த்துக் கேட்டார். நான் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. அப்போதெல்லாம் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். நான் உடை மாற்றப் போனால் அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். எங்கள் பால்கனியிலிருந்து ஏரியின் ஒரு ஓரம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் கதவைத் திறந்த பிறகுதான் உள்ளே வருவார். அவருக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். பிடிக்காததில் தப்பும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கே கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை.

பங்குனி முடிவதற்குள் அக்குள் முதல் விலா வரை தடித்துவிட்டது. கிரேப் துணி பட்டாலே எரிச்சல். ஒரு காலையில் அலமாரியில் கிடந்த என் பழைய, மெல்லிய வாயில் புடவைகளில் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்னால் கையை வைத்துப் பார்த்தேன். ஐந்து விரலும் தெரிந்தன. மோதிரம்கூடத் தெரிந்தது. கட்டிப் பார்த்தேன். வலது பக்கம் பையின் தையல் விளிம்பு அரை வட்டமாகத் தெரிந்தது. அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, மறுபடி கிரேப்பைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இனிப் புடவை வேண்டாம், சுடிதார் போடலாம், துப்பட்டா இரண்டு பக்கமும் தொங்கும் என்று முடிவெடுத்தேன். ஆனால் கொரட்டூரிலோ அம்பத்தூரிலோ துணி வாங்கப் பயம். கடைக்குக் கடை தெரிந்த முகங்கள். அதனால் ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பூந்தமல்லிக்குப் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. திருடப் போகிறவளைப் போல ஊர் தாண்டிப் போய்த் துணி வாங்க வேண்டியிருக்கிறதே என்று பஸ்ஸில் வெட்கமாக இருந்தது. அப்போது என்னிடம் இருந்த ஒரே சுடிதார் தடித்த, கறுப்பு நிறப் பாலியெஸ்டர். அதைப் போட்டுக்கொண்டுதான் போனேன். பஸ் குமணன்சாவடி வருவதற்குள் முதுகு முழுவதும் நனைந்துவிட்டது.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தக் கடை இருந்தது. வீட்டின் முன்னறையைக் கடையாக்கியிருந்தார்கள். பெண்கள் துணி மட்டும். தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், துணிக்கட்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் தொங்கின ரெடிமேட் டாப்புகளை வேறொரு அம்மா ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. மெட்டீரியலா, தெச்சதா?"

"மெட்டீரியல். மெல்லிசா வேணும். ஆனா உள்ள தெரியக்கூடாது."

கடைக்காரப் பெண் சிரித்தார். "எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. காத்து மாதிரி இருக்கணும், தெரியவும் கூடாது. துணி பாவம் இன்னாதான் பண்ணும்? யாருக்கும்மா?"

"எங்க அக்காவுக்கு" என்றேன். எனக்கு அக்கா கிடையாது.

"உங்க சைஸா?"

"ஆமா. என் சைஸ்தான்."

அவர் கட்டுகளைப் பிரித்துப் போட்டார். முதலில் பாலேடு நிறத்தில் ஒரு மல் துணி. கையில் எடுத்தால் எடுத்த உணர்வே இல்லை. உள்ளங்கையில் போட்டால் உள்ளங்கை குளிர்ந்தது. அதற்குப் பின்னால் விரல்களை விரித்துப் பிடித்தேன். நகம் வரை தெரிந்தது. அடுத்து ரேயான். நன்றாக வழுக்கி விழுந்தது, கையும் தெரியவில்லை. "வேர்த்தா ஒட்டிக்கும், சொல்லிட்டேன்" என்றார் கடைக்காரப் பெண். ஒட்டினால் உள்ளதெல்லாம் தெரியும். அதை ஒதுக்கினேன். லினன் உடம்பைத் தொடாமல் விறைப்பாக நின்றது. அதைத்தான் எடுத்திருப்பேன், ஆனால் முழங்கையின் உள்பக்கத்தில் தேய்த்துப் பார்த்தபோது லேசாகச் சுரசுரத்தது. என் தோலுக்கு அந்தச் சுரசுரப்பே போதும்.

பிறகு அதே மல்லில் அச்சுப் போட்டது ஒன்று வந்தது. கருஞ்சிவப்பில் நெருக்கமாக இலையும் கொடியும். பின்னால் கையை வைத்தேன். துணி மெல்லிசுதான், வெளிச்சம் உள்ளே வரத்தான் செய்தது. ஆனாலும் கை எங்கே என்று தெரியவில்லை. கண் இலையின் பின்னாலேயே போனது. கையை நகர்த்தினேன், மடக்கினேன், விரித்தேன். திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது. நிமிர்ந்தபோது கடைக்காரப் பெண் துணியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா" என்றார். "வேணும்னா முன்பக்கம் மட்டும் லைனிங் வெச்சுத் தெக்கச் சொல்லுங்க உங்க அக்காவ."

அதே துணியில் தைத்த டாப் ஒன்று கடையில் இருந்தது. "உங்க சைஸ்தானே, போட்டுப் பாத்துடுங்க. விழுறது எப்படின்னு தெரிஞ்சிடும்" என்று கையில் கொடுத்துவிட்டார். அறையின் மூலையில் கயிறு கட்டித் திரை தொங்கியது. அதற்குள் ஒரு கண்ணாடி. திரை முழங்கால் வரைதான் இருந்தது. நான் யோசித்தேன். ஆனால் அந்தத் துணி என்னை இழுத்தது. பல மாதத்துக்குப் பிறகு ஒரு துணி என் மேல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்திருந்தது. உள்ளே போனேன்.

பாலியெஸ்டர் டாப் வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கையை உயர்த்தித் தலைக்கு மேலே இழுத்தேன். எரிச்சலுக்குப் பயந்து உள்ளாடையை அன்று தளர்வாகத்தான் போட்டிருந்தேன். டாப் தலையில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது ஏதோ நழுவுவது தெரிந்தது. பிடிக்க முடியவில்லை, இரண்டு கையும் மேலே இருந்தன. கடுகுப் பை தரையில் 'சொத்'தென்று விழுந்து, மொசைக்கில் வழுக்கிக்கொண்டு, திரைக்கு அடியில் வெளியே போய்விட்டது.

நான் அசையவில்லை. டாப் முகத்தை மூடியபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாது இது?" வெளியே அந்த அம்மாவின் குரல். "யாருதுமா இது, கீழ கீது?"

குனிந்து எடுத்திருக்க வேண்டும். கடுகு சலசலத்தது. குலுக்கிப் பார்க்கிறார்.

"உள்ள கடுகு மாதிரி கீது. ஒத்தடப் பையா இது? எம் மருமவ முதுகுவலிக்கி இத்தாம்பெருசு ஒண்ணு வெச்சிகினு கீறா. இது ரவுண்டா, சோக்கா தெச்சிகிறாங்க."

கடைக்காரப் பெண்ணின் குரல் திரைக்குப் பக்கத்தில் கேட்டது. "ஏம்மா, உங்களுதா?"

"இல்ல" என்றேன்.

யோசிக்கவே இல்லை. கேள்வி முடிவதற்குள் வாய் சொல்லிவிட்டது. அந்தத் திரைக்குள் நான் ஒருத்திதான் இருந்தேன். திரைக்கு அடியில் வந்த பொருள் வேறு யாருடையதாக இருக்க முடியும்? குழந்தைகூட அப்படி ஒரு பொய் சொல்லாது. பிறகு கடைக்காரப் பெண், "இங்க குடுங்கம்மா, யாராச்சும் வந்து கேப்பாங்க" என்று அந்த அம்மாவிடம் சொல்வது கேட்டது.

நான் புது டாப்பைப் போட்டுப் பார்க்கவில்லை. பழையதையே மறுபடி இழுத்து மாட்டிக்கொண்டு, துப்பட்டாவை வலது பக்கம் சுருட்டி வைத்து, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கடைக்காரப் பெண்ணின் கையில் எதுவும் இல்லை. அதை எங்கே வைத்தார் என்று தேடவும் துணிவில்லை.

"பிடிக்கலயாம்மா?"

"அக்காகிட்ட கேட்டுட்டு அப்புறம் வரேன்."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்தாரா, இல்லை நானே நினைத்துக்கொண்டேனா, இன்றும் தெரியாது. செருப்பை மாட்டும்போது வார் பிடிபடாமல் தடுமாறினேன். பஸ் நிலையம் வரை கைப்பையைக் கீழே இறக்கவே இல்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஜன்னல் பக்கம் தலை சாய்த்துத் தூங்கினாள். கண்டக்டர் சில்லறை கேட்டார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்காத ஒன்றுக்காகத்தான் என்னுடையதை என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது, மானம் போனதைவிட அது அதிகமாக உறுத்தியது. அந்தப் பையை நான் உட்கார்ந்து உட்கார்ந்து தைத்திருந்தேன். விளிம்பில் சின்னச் சின்னத் தையல். அதை ஒத்தடப் பை என்று ஒருவர் மெச்சியபோதுகூட என்னால் வாய் திறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்து நின்றார். எங்கள் மகன் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒளிவதற்கு இடம் இல்லை. சொல்லிவிட்டேன். கோபமாகத்தான் சொன்னேன், ஏதோ அவர்தான் அதைக் கீழே போட்டவர் என்பதைப் போல. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம வீட்டுக் கடுகு அங்கதான் போச்சா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வண்டிக்குக் காற்று அடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். சாப்பாட்டு நேரம் தாண்டி வந்தார். கையில் ஒரு துணிக்கடைப் பை.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போல்ட் செய்கிற கம்பெனியில் தர ஆய்வாளர். நான் நைட்டி வாங்கப் போனால்கூடக் கடைக்குள் வரமாட்டார். எதிர்க்கடையில் டீ குடிப்பதாகச் சொல்லி நழுவிவிடுவார். உள்ளாடை தொங்குகிற கடையைக் கடக்கும்போது போனை எடுத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் பெண்கள் மட்டும் போகிற கடைக்குள் நுழைந்திருக்கிறார்.

"போனா ஒரே கூட்டம்" என்றார், பையை மேஜை மேல் வைத்துவிட்டு. "கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஒரு குடும்பமே வந்திருந்துது. வாசல்லயே நின்னேன். கடைக்காரம்மா 'என்னங்க வேணும்'னாங்க. நேத்து என் வீட்டுக்காரம்மா ஒரு பொருள விட்டுட்டாங்கன்னேன். என்ன பொருள்னாங்க. அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியல. கடுகு வெச்ச பைன்னு சொன்னேன்."

"எல்லார் முன்னாலயுமா?"

"ஆமா. வேற எப்படிச் சொல்றது? அந்தம்மா உள்ள போயி ஒரு கவர்ல போட்டு எடுத்துனு வந்தாங்க. 'ஆபரேஷனா?'ன்னு மெதுவா கேட்டாங்க. ஆமான்னேன். எந்த ஆஸ்பத்திரின்னாங்க. சொன்னேன்."

"ஆஸ்பத்திரி பேரு வரைக்கும் சொல்லிட்டீங்களா?"

"கேட்டாங்க, சொன்னேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தண்டோரா போட்டிருக்கலாமே! பூந்தமல்லி பூரா ஒரு ரவுண்டு வந்திருக்கலாமே! உங்களுக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?"

அவர் வழக்கமாக என் கோபத்துக்குப் பேப்பரை எடுத்துக்கொள்வார். அன்று எடுக்கவில்லை. "இல்ல" என்றார். "உனக்கு வெக்கமா இருக்குன்னு எனக்குத் தெரியும். எனக்கு இல்லையே. அதுக்கு நான் என்ன பண்றது?"

"அப்புறம் ஏன் நான் டிரஸ் மாத்தும்போது எழுந்து போயிடுறீங்க?"

இதைக் கேட்க வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. கேட்ட பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேஜை மேல் இருந்த துணிக்கடைப் பையைப் பிரித்தேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சொன்னார். "ஆஸ்பத்திரில கட்டு மாத்தும்போது நான் உள்ள வந்தேன். நீ போர்வையை இழுத்து மூடிக்கிட்ட. போகச் சொல்றேன்னு நெனச்சேன். அதுலருந்து போயிட்டுதான் இருக்கேன்."

நான் போர்வையை இழுத்தது எனக்கு ஞாபகமே இல்லை. வலி மருந்தில் கிடந்தேன். ஆனால் இழுத்திருப்பேன். இத்தனை மாதமாக அந்த மனிதரை வெயிலில் பால்கனியில் நிற்க வைத்துவிட்டு, அவருக்கு என் மேல் அருவருப்பு என்று உள்ளுக்குள் தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். கையில் துணி இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பையில் கடுகுப் பை இருந்த கவரோடு மூன்று துணி. ஒன்று நான் பார்த்த அதே கருஞ்சிவப்பு இலைக்கொடி. மற்ற இரண்டும் அவர் தேர்வு. ஒன்றில் தாம்பாளத் தட்டு அளவு சூரியகாந்தி. இன்னொன்றில் கிளிகள். எந்தப் பெண்ணும் பில் போடுகிற ஆபீசுக்கு அதைப் போட்டுக்கொண்டு போகமாட்டாள்.

"எல்லாத்துக்கும் பின்னால கைய வெச்சுப் பாத்துதான் எடுத்தேன்" என்றார். "அந்தம்மாதான் நீ அப்படிப் பாத்தேன்னு சொன்னாங்க. ஒண்ணுலயும் கை தெரியல."

பெண்கள் நிறைந்த கடையில், ஒரு கல்யாணக் குடும்பம் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, துணிக்குத் துணி பின்னால் தன் கையை வைத்துப் பார்த்திருக்கிறார். நான் அந்தச் சூரியகாந்தியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் எழுந்து பால்கனிக்குப் போகவில்லை.

துணிகளை எங்கள் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தேன். முன்பக்கம் மட்டும் லைனிங் வைக்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இலைக்கொடி டாப்பை முதலில் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போனேன். எஸ்டேட் முனையில் இறங்கி நடக்கும்போது காற்று துணிக்குள் புகுந்து முதுகைத் தொட்டது. எத்தனை மாதமாயிற்று அப்படி ஒரு காற்று பட்டு! எரிச்சலும் வாரத்துக்கு வாரம் குறைந்தது. கிளியையும் சூரியகாந்தியையும் வீட்டில் போட்டுக்கொள்கிறேன்.

பக்கத்து நாற்காலிப் பெண் உடனே கண்டுகொண்டாள். "அக்கா, சூப்பரா இருக்கு. எங்க எடுத்தீங்க?" என்று கேட்டபடி துணியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். நான் சட்டென்று பின்னால் நகர்ந்துவிட்டேன். அவள் கை அந்தரத்தில் நின்றது. முகம் சுருங்கிப்போயிற்று. "தொடக்கூடாதாக்கா?" என்று சிரிக்கப் பார்த்தாள். என் வடையைத் தின்று என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவள் அவள். ஏதோ சமாதானம் சொல்ல வேண்டும் என்று, பூந்தமல்லிக் கடையைச் சொல்லி, நானே கூட்டிப் போகிறேன் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

பிறகு வாரக்கணக்கில் சாக்குச் சொன்னேன். தலைவலி, விருந்தாளி, மாதக் கடைசி வேலை. அந்தக் கடைக்காரப் பெண் முகத்தில் எப்படி விழிப்பது? அவர் என் பொருளைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தவர். நான் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. இல்லாத அக்காவுக்கு அளவு வேறு சொல்லியிருந்தேன். கடைசியில் வைகாசியில் ஒரு சனிக்கிழமை பக்கத்து நாற்காலிப் பெண் என் கைப்பையைத் தூக்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போனேன்.

கடைக்காரப் பெண் எங்களைப் பார்த்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. கண்ணில் அது தெரிந்தது. ஆனால் என் பின்னால் நின்றவளையும் பார்த்துவிட்டு, "வாங்கம்மா, இன்னா பாக்குறீங்க?" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்பதைப் போல எங்கள் இருவரையும் கேட்டார். எனக்கு நிம்மதி வந்தது. வந்த நிம்மதி அப்படியே கசந்தது. எனக்காக அவரும் நடிக்க வேண்டியிருக்கிறது.

ஆவடிக்காரி நான்கைந்து டாப்புகளை அள்ளிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். நான் கடைக்காரப் பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் பொய் சொன்னேன், மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பிக்க நினைத்தேன். அதற்குள் அவர் நான் போட்டிருந்த இலைக்கொடி டாப்பின் கை ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"சுருங்கிடுச்சு போலயே" என்றார் தணிந்த குரலில்.

"ஆமா. கை ஏறிப்போச்சு."

"தெக்கறதுக்கு முன்னால தண்ணில ஊறப்போட்டுக் காய வெக்கணும். மல்லு சுருங்கும். உங்க வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு தபா சொன்னேனே."

"அவரு சொல்லவே இல்ல."

"சொல்லமாட்டாரு. அவரு காதுல எங்க விழுந்துது? அந்தக் கிளித் துணிய வேணாங்க, அவங்க போடமாட்டாங்கன்னு நான் தலபாடா அடிச்சுக்கினேன். 'இல்ல, இதுலதான் கை சுத்தமா தெரியல'ன்னு எடுத்துனு போறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் தரையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தேன். நன்றி என்ற சொல் அப்போதும் வரவில்லை.

"என்னக்கா அப்படிச் சிரிப்பு? எனக்கும் சொல்லுங்க" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஆவடிக்காரி கேட்டாள்.

கடைக்காரப் பெண் என்னைப் பார்த்தார். சொல்லேன் என்றோ சொல்லாதே என்றோ அந்தப் பார்வையில் இல்லை. சும்மா பார்த்தார்.

"ஒண்ணுமில்லடி. எங்க வீட்டுக்காரர் துணி எடுத்த லட்சணத்தச் சொல்லிட்டிருந்தேன்" என்றேன்.

பாதி உண்மை. அவள் நீல நிறத்தில் ஒரு டாப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, எப்படி இருக்கிறது என்று சுற்றிக் காட்டினாள். வெளிச்சத்தில் அவள் தோள்பட்டை, இடுப்பு எல்லாம் துணி வழியே தெரிந்தன. அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் என்னையும் ஒன்று எடுக்கச் சொன்னாள். பிறகு உள்ளே போய் மாற்றிக்கொண்டு, தெற்றுப்பல் தெரியச் சிரித்தபடி, தனக்கு எடுத்த நீலத்தையே என் மேல் வைத்துப் பார்க்கக் கொண்டுவந்தாள். இந்த முறை நான் நகரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துணி என் தோளில் தொங்கியது. அன்று ஆபீசில் நான் நகர்ந்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, அவள் கை தோளோடு நின்றுவிட்டது, கீழே இறங்கவில்லை.

"உங்களுக்கு இது செட் ஆவலக்கா" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.